பொறி தெறிக்காத கை

ஹமதான்
ஆஸர் மாதம் 5

அன்புள்ள தூபா,

வயிற்றில் இருக்கும் குட்டி உன்னைத் தூங்க விடுகிறதா? எங்களைக் கேட்டால், உன்னைப் பார்க்க முடியாத தூரத்தைத் தவிர வேறு குறையில்லை. பனி இன்னும் விழவில்லை. வெறும் வறண்ட குளிர். உதடு வெடித்து, சிரித்தால் ரத்தம் வருகிறது. நல்லவேளை, இந்த வீட்டில் யாரும் அதிகம் சிரிப்பதில்லை.

ஒரு தொல்லையைச் சொல்கிறேன், வழி சொல். வீட்டில் எதைத் தொட்டாலும் சுரீர் என்கிறது. தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய், நெகாரின் காது. நேற்று பள்ளிக்குக் கிளம்பியவளை முத்தமிடக் குனிந்தேன். என் உதட்டுக்கும் அவள் கன்னத்துக்கும் நடுவே ஒரு பொறி தெறித்தது. "அம்மா கடிச்சிட்டா"ன்னு அழுதாள். ஒன்பது வயதுப் பெண், இப்போது என்னைக் கண்டாலே ஓடுகிறாள். வெளியே போர்த்திப் போகும் கறுப்புச் சாதரைக் கழற்றினால் எண்ணெயில் கடுகு வெடிப்பது போலச் சத்தம். எல்லாம் அந்தப் புது மெஷின் கம்பளம் வந்த பிறகுதான். உன் அத்தான் திரும்பி வருகிறார் என்றதும் பழைய கிழிசலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கூடம் நிறைய விரித்தேனே, அதுதான். நீ நெசவாலையில் நாலு வருடம் வேலை பார்த்தவள். உனக்குத் தெரிந்திருக்கும்.

அத்தான் வந்து மூன்று மாதமாகிறது. போரில் போய்விட்டார் என்று நம்பி, எட்டு வருடம் வியாழன்தோறும் உடலில்லாத ஒரு கல்லறைக் கல்லைப் பன்னீர் விட்டுக் கழுவினேன். அவரோ சிறைமுகாமிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். ஊரே இனிப்போடு வந்து பார்த்துவிட்டது. வராதது உன் வீட்டுக்காரர் மட்டும்தான். "நொஸ்ரத் தலை என் மடியில இருந்துச்சு, கண்ணை நான்தான் மூடினேன்"னு நம் வாசலில் நின்று அழுதவர் அதே கியூமர்ஸ்தான். மூடின கண் திறந்திருக்கிறது, வந்து பார்க்கச் சொல்.

தூரத்திலிருந்து, பொறி இல்லாமல், ஒரு முத்தம்.
அக்கா மஹ்லகா


அன்ஸலி
ஆஸர் 17

அருமை அக்காவுக்கு,

கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அத்தானுக்கு என் வணக்கம். நாங்கள் சுகம். மழை ஒன்பது நாளாக நிற்கவில்லை. துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில் அழுதுகொண்டிருக்கிறது. தீக்குச்சிகூடப் பற்றமாட்டேன் என்கிறது. உன் வீட்டுப் பொறியில் இரண்டை உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம்.

அக்கா, இது பேயுமில்லை, மின் கம்பிக் கோளாறுமில்லை. காய்ந்த காற்றில் நைலானும் கம்பளமும் உரசினால் உடம்பில் மின்சாரம் ஏறிக்கொள்ளும். ஏறினது இறங்க வழி தேடும். எதைத் தொடுகிறாயோ அங்கே குதிக்கும். ஆலையில் தறிக்கூடத்துத் தரையை நனைத்துக்கொண்டே இருப்போம். ஈரம் இருந்தால் அது சத்தமில்லாமல் இறங்கிவிடும்.

ஆகவே கணப்பின் மேல் எப்போதும் ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்கட்டும். ஆரஞ்சுத் தோலும் போடு, வாசனையாக இருக்கும். நாற்காலி முதுகில் ஈரத் துண்டு போடு. கம்பளத்தில் தண்ணீர் தெளித்த பிறகு பெருக்கு. அந்த மினுமினு நைலான் போர்வைக்குப் பருத்தி உறை தை. சாதரைக் கடைசியாக அலசும்போது தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விடு, பாவாடை விளிம்பின் உள்பக்கம் ஒரு ஊக்கு குத்து. கைக்குக் கிளிசரினும் பன்னீரும். தாழ்ப்பாளைத் தொடும் முன் சாவியால் ஒரு தட்டு தட்டு, பொறி சாவி நுனியில் போய்விடும், விரலுக்கு வலிக்காது.

கியூமர்ஸுக்கு வேலை அதிகம். மீன் பருவம், படகை விட்டு இறங்க நேரமில்லை. வருவார்.

நெகாருக்கு என் பங்கு முத்தத்தையும் நீயே கொடு, கெட்டில் கொதித்த பிறகு.
தூபா


ஹமதான்
தெய் 1

தூபா,

உன்னையும் குட்டியையும் கடவுள் காக்கட்டும். எங்களுக்கு உன் தூரத்தைத் தவிர வேறு குறையில்லை என்றுதான் எழுத வேண்டும்.

உன் வைத்தியம் பலித்தது. கெட்டில் நாள் முழுக்க முணுமுணுக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து, நெகார் அதில் பூனை வரைகிறாள். என் முத்தமும் திரும்பக் கிடைத்துவிட்டது.

நேற்று யல்தா, வருடத்தின் நீண்ட இரவு. மாதுளை உதிர்த்துக் கிண்ணங்களில் போட்டோம். நெகார் தன் கிண்ணத்தை அவரிடம் நீட்டிவிட்டு என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னாள்: "அம்மா, எல்லாருக்கும் ஷாக் அடிச்சப்பகூட அப்பாவுக்கு மட்டும் அடிக்கவே இல்ல. நீ பாத்தியா?"

பார்த்திருக்கிறேன் தூபா. பார்த்துவிட்டு எழுதாமல் இருந்தேன். கெட்டில் வைக்கும் முன், வீடே வெடித்துக்கொண்டிருந்த நாட்களில், அவர் கை ஒருமுறைகூடச் சுடவில்லை. தாழ்ப்பாள் என்னை அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரியை அடிக்கும். பூனையை அடிக்கும். அவரை அடிக்காது. சமையலறை வாசலில் நின்று தேநீர்க் கோப்பை கொடுக்கும்போது விரல் பட்டால் மண் சுவரைத் தொட்ட மாதிரி இருக்கும்.

கியூமர்ஸிடம் ஒன்று கேட்டு எழுது. கண்ணை மூடியபோது காயம் எந்தப் பக்கம் இருந்தது? இவருக்கு இடது கன்னத்தில் தழும்பு. பல் பாதி இல்லை. தலை முழுக்க வெள்ளை. குரல் வேறு யாருடையதோ போல் கரகரக்கிறது. அவ்வளவுதான் கேட்கிறேன். எந்தப் பக்கம்?

அக்கா


அன்ஸலி
தெய் 15

அருமை அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். உப்பு மீனும் பூண்டு ஊறுகாயும் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன், வாசனை பார்த்தே டிரைவர் உன் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்.

அத்தான் விஷயம் ஒன்றுமில்லை. சிலருக்கு உள்ளங்கை வியர்க்கும், அவர்களுக்குப் பொறி வராது. தொழுகைக்காக அடிக்கடி கை கழுவுகிறவர்களுக்கும் அப்படித்தான். ஆலையில் ஒரு கிழவர் இருந்தார், அவரைத் தறியே அடித்ததில்லை. நாங்கள் அவரைக் கேலி செய்வோம்.

போர் பேச்சை எடுத்தால் கியூமர்ஸ் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறார். அதனால் கேட்கவில்லை. கோபிக்காதே. நீயும் இதையெல்லாம் மனதில் போட்டு உருட்டாதே. அவர் வந்ததே பெரிது.

கெட்டில் வற்றாமல் பார்த்துக்கொள்.
தூபா


ஹமதான்
தெய் 27

தூபா,

கெட்டிலை எடுத்துவிட்டேன்.

ஈரத் துண்டுகளையும் எடுத்துவிட்டேன். பருத்தி உறைகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். தண்ணீர் தெளிக்காமல் பெருக்குகிறேன். ஐந்தாவது நாளே வீடு பழையபடி காய்ந்துவிட்டது. நெகாருக்கு மூக்கில் ரத்தம் வருகிறது. பாவம்தான், என்ன செய்வது, எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவருக்கு நைலான் சாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லி, மடித்து, வாசல் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வெறுங்காலோடு இருக்கிறார், இந்தக் குளிரில். நான் குழாயைத் தொட்டேன், விரல் நுனியில் நீலமாகத் தெறித்தது. "அந்தக் குழாயைக் கொஞ்சம் மூடுங்களேன்"னேன். மூடினார். ஒன்றுமில்லை.

வேறும் இருக்கிறது. வீட்டுக்குள் அவர் நடப்பதை நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் இருப்பார். அரிசியைப் புரட்டிவிட்டுத் திரும்பினால் கதவோரம் இருப்பார். காலடிச் சத்தம் கிடையாது. நான் விரிக்கும் படுக்கையில் படுப்பதில்லை, சுவரை ஒட்டிய வெறும் சிமென்ட்டில் தன் மேல்கோட்டைப் போட்டுப் படுக்கிறார். அதைவிட ஒன்று கேள். வியாழக்கிழமை மதியம் எங்கே போகிறார் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கல்லறைக்கு. தன் பெயர் பொறித்த கல்லின் முன் உட்கார்ந்து, பன்னீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நான் எட்டு வருடம் கழுவிய அதே மாதிரி, தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு. இறந்தவனுக்கு மரியாதை செய்கிற சிநேகிதன் மாதிரி இருந்தது.

முகாமில் கூடவே கிடந்த ஒருவன் என் புருஷனின் வீட்டையும் பெண் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்க முடியாதா? நான் கேட்பது ஒன்றே ஒன்று. கியூமர்ஸ் அவர் கண்ணை மூடினாரா, இல்லையா? ஆம் என்றால், இங்கே உட்கார்ந்திருப்பது யார்?

மஹ்லகா


ஹமதான்
பஹ்மன் 14

தூபா,

பதிலில்லை. பிரசவமாகிவிட்டதோ என்று பயந்தேன், இன்னும் மாதமிருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். நீ நலமாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

முந்தாநாள் நேராகவே கேட்டுவிட்டேன். நெகார் பள்ளிக்குப் போயிருந்தாள். வந்திருப்பவர் ஜன்னலோரம் நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க யாரு?"

திரும்பவில்லை. "நீ யாருன்னு நினைக்கிற?"

"தெரியல."

"எனக்கும் சில நாள் தெரியல, மஹ்லகா."

அன்றிலிருந்து நெகாரைப் பக்கத்து வீட்டில் தூங்க வைக்கிறேன். எஸ்பந்த் பத்தாம் தேதி போர் அலுவலகத்துக்குப் போய், இவர் என் கணவர் இல்லை என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதற்குள் நீ எழுதினால் உண்டு.

மஹ்லகா


அன்ஸலி
பஹ்மன் 22

அருமை அக்காவுக்கு,

நாங்கள் சுகம். ஆரஞ்சு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். சாறு நெகாரின் மூக்குக்கு நல்லது. கெட்டிலைத் திரும்ப வை, குழந்தை என்ன பாவம் செய்தாள்.

அலுவலகத்துக்குப் போகாதே. காரணம் கேட்காதே, போகாதே. குட்டி பிறக்கட்டும், பேசலாம். மழை இன்னும் நிற்கவில்லை.

தூபா


ஹமதான்
எஸ்பந்த் 1

தூபா,

நலம் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நீ சுகம் என்று எழுதுவாய், அதற்கு மேல் ஒரு வரி எழுதமாட்டாய்.

பாவாடையில் ஊக்கு எங்கே குத்த வேண்டும் என்று உனக்கு எழுதத் தெரிகிறது. என் புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று எழுதத் தெரியவில்லை. நீ எதையோ மறைக்கிறாய். சின்ன வயதில் ஜாம் பாட்டிலை உடைத்துவிட்டு இப்படித்தான் மழையைப் பற்றிப் பேசுவாய்.

நேற்று சமையலறை வாசலில் சூப்புக் கிண்ணத்தை வாங்கும்போது அவர் கை என் கையில் பட்டது. அந்தக் கை குளிர்ந்தும் இல்லை, சூடாகவும் இல்லை. கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, ஓசைப்படாமல் குப்பையில் போட்டார். நல்ல மனிதர். அதுதான் பயமாக இருக்கிறது. என் புருஷன் இவ்வளவு நல்லவரில்லை, ஒரு கிண்ணம் உடைந்தால் ஊரைக் கூட்டுவார்.

பத்தாம் தேதி போகிறேன்.


அன்ஸலி
எஸ்பந்த் 6

அக்கா,

இந்தக் கடிதத்தை பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பினால் பத்தாம் தேதி தாண்டிவிடும்.

அத்தான் கண்ணைக் கியூமர்ஸ் மூடவில்லை. மடியில் தலை இல்லை. குண்டு விழுந்ததும் அத்தான் சாய்ந்தார், இவர் ஓடினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அத்தான் தரையில் கிடந்தபடி ஒரு கையைத் தூக்கி இவரைக் கூப்பிட்டாராம். இவர் திரும்பிப் போகவில்லை. ஓடிவந்து, செத்துவிட்டார் என்று சொன்னார். அதையும் வெறுமனே சொல்ல வெட்கப்பட்டு, மடியில் தலை, மூடின கண் என்றெல்லாம் சேர்த்தார். நாம் நம்பினோம். துக்கத்துக்குக் கிண்டிய ஹல்வாவை முதலில் அவருக்குத்தான் கொடுத்தோம், ஞாபகமிருக்கிறதா? தட்டை நீட்டியது நான். நொஸ்ரத்தின் கண்ணை மூடியவன் என்பதற்காகத்தான் அப்பா என்னை அவருக்குக் கொடுத்தார். நானும் அதற்காகத்தான் சம்மதித்தேன்.

விடுதலையானவர் பட்டியலில் அத்தான் பெயரை வானொலியில் படித்த அன்றுதான் எனக்கே சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் எழுத உட்கார்ந்து, கெட்டில் பற்றி எழுதிவிட்டு எழுந்தேன். ஏழு வருடத்துக்கு அப்புறம் ஒரு குழந்தை வருகிறது அக்கா. அதன் அப்பாவை என் கையாலேயே எப்படிக் காட்டிக்கொடுப்பேன்? பயந்தேன். என் வீட்டைக் காப்பாற்ற உன் வீட்டைக் கலைக்கப் பார்த்தேன். என்னை அடி.

அது அத்தான்தான். இன்னொன்று. ஆலைக் கிழவரை ஏன் பொறி தொடாது என்று எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவருக்குக் கை வியர்க்கவே வியர்க்காது. மேஸ்திரியின் அறைக் கம்பளத்தில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை, தறிக்கூடத்து நனைந்த சிமென்ட்டிலேயே நடந்தார். அவ்வளவுதான். அத்தான் கையைப் பார்க்காதே. எங்கே நடக்கிறார் என்று காலைப் பார்.

புது வருடம் நவ்ரூஸுக்குக் கியூமர்ஸை அனுப்புகிறேன். அவர் சம்மதித்துவிட்டார். மூன்று நாளாகப் படகில் ஏறவில்லை.

தூபா


ஹமதான்
ஃபர்வர்தின் 5

என் தூபா,

பெண் குழந்தை என்று கேட்டதும் நெகார் குதித்த குதியில் கம்பளமே சுருண்டுவிட்டது. பச்சை உடம்பு, காலில் குளிர் படாமல் பார்த்துக்கொள். புது வருடம் உனக்கு நல்லதைக் கொண்டுவரட்டும்.

அலுவலகத்துக்குப் போகவில்லை. உன் கடிதம் எஸ்பந்த் ஒன்பதாம் தேதி மதியம் வந்தது. படித்துவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, உன் அத்தானின் காலைப் பார்த்தேன். கம்பளத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ அகலம் சிமென்ட் தெரியுமே, அதில் மட்டும் நடந்தார். ஜன்னலிலிருந்து கதவுக்குப் போக மூன்று சுவரையும் சுற்றினார். குறுக்கே பத்து அடி, அதை விட்டுவிட்டு. ஆறு மாதம் கண்ணை முகத்திலேயே வைத்திருந்த முட்டாள் நான், ஒரு தடவைகூட இதைப் பார்க்கவில்லை.

"ஏன் கம்பளத்துல நடக்க மாட்டேங்கறீங்க?"ன்னு கேட்டேன்.

தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முகாம்ல சுவரோரம்தான் நடக்கணும். நடுவுல கால் வச்சா கம்பிவடத்தால அடி."

"இங்க யாருங்க அடிக்கப் போறாங்க?"

"எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியல."

அழுதேன் தூபா, வெட்கமில்லாமல் அழுதேன். அந்தக் கல்லை ஏன் கழுவுகிறீர்கள் என்றும் கேட்டேன். முகாமில் செத்தவர்களுக்குக் கல் இல்லை, தன் பெயரில் ஒன்று சும்மா இருந்தது, அவர்களுக்காகக் கழுவுகிறேன் என்றார்.

இப்போது உன் வீட்டுக்காரர் கதை. நவ்ரூஸ் மறுநாள் காலையில் வந்தார். வாசலில் செருப்புகளோடு செருப்பாக நின்றார், உள்ளே வரவில்லை. உன் அத்தான் எதிர்ச் சுவரில், ஜன்னலோரம். பண்டிகை என்று நான் கெஞ்சியதால் அந்த நைலான் சாக்ஸைப் போட்டிருந்தார். கணப்பு எரிந்தது, கெட்டில் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கம்பளம். ஒருவரையொருவர் பார்த்தார்கள். கியூமர்ஸின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. நெகார் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். உன் அத்தான் சுவரோரமாகச் சுற்றி வருவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கம்பளத்தில் கால் வைத்தார். ஒரு கணம் தோளைக் குறுக்கிக்கொண்டார், எங்கிருந்தோ அடி விழப் போகிறது என்பது போல. பிறகு நேராக, நடுவில், தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தார். கையை நீட்டினார். கியூமர்ஸ் நீட்டுவதா வேண்டாமா என்று பாதியில் நிறுத்தினார். விரல்கள் தொடும் முன்பே பொறி தெறித்தது. பட்டென்ற சத்தம் எனக்குக் கேட்டது. கியூமர்ஸ் அலறிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பயப்படாத. குளிர்காலத்துல இந்த வீட்டுல எல்லாருக்கும் அடிக்கும்"னார் உன் அத்தான்.

பிறகு அவரும் குந்தி உட்கார்ந்தார். "அன்னிக்கு நீ திரும்பிப் பாத்த. நான் கையைத் தூக்கினேன்."

"கூப்பிட்டே. எனக்குத் தெரியும் நொஸ்ரத், கூப்பிட்டே."

"கூப்பிடல. போன்னுதான் ஆட்டினேன்."

கியூமர்ஸ் உன் அத்தானின் முழங்காலில் முகத்தை வைத்து அழுதார். எட்டு வருடத்துக்கு முன் சொன்ன பொய்யில் ஒரு தலை, ஒரு மடி இருந்தது. அன்று நான் அதைக் கண்ணால் பார்த்தேன், ஆட்கள் மட்டும் இடம் மாறி. போ என்றுதான் ஆட்டினாரா, இவருக்காக அப்படிச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். கியூமர்ஸை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன், பொய் எழுதி என்ன பிரயோஜனம். மூன்று வேளையும் சோறு போட்டேன், பஸ்ஸில் ஏற்றி விட்டேன். உன்மேல் இருக்கும் கோபத்தைக் குழந்தையைப் பார்க்க வரும்போது நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

அவர் போன பிறகு, உன் அத்தான் மறுபடியும் நடுவில் நடந்து என்னிடம் வந்தார். தேநீர்க் கோப்பையை நீட்டினேன். சுரீர் என்றது, இருவருக்கும். நான் கையை இழுக்கவில்லை. "வலிச்சுதா?"ன்னு கேட்டார். நன்றாகவே வலித்தது.

கெட்டிலை மாலையில் திரும்ப வைத்தேன். நெகார் ஆரஞ்சுத் தோல் போட்டாள். எங்களைக் கேட்டால், உன் தூரத்தைத் தவிர வேறு குறையில்லை.

உன் அக்கா
மஹ்லகா